கணிப்பொறிகள் கடைசி இலக்கத்தில் பிணங்குவது ஏன்?

புனேயிலும் பெங்களூரிலும் பொறியியல் துறையில் பணிபுரியும் நம்மவர் பலருக்கு இந்த வியப்புப் பழக்கமானதே. பாலத்தின்மீது காற்று மோதுவதையோ குழாயில் நீர் ஓடுவதையோ எண்களாலேயே நடத்திப் பார்க்கும் மாதிரிக் கணக்கு ஒன்றை விண்டோஸ் இயங்குதளத்தில் ஓட்டுகிறார்கள். அதே நிரலை, அதே தொடக்க எண்களுடன், லினக்ஸ் இயங்குதளத்திலும் ஓட்டுகிறார்கள். விடைகள் ஏறக்குறைய ஒன்றே, முற்றிலும் ஒன்றல்ல. பன்னிரண்டாவது இலக்கத்திலோ பதினான்காவது இலக்கத்திலோ அவை பிரிந்துவிடுகின்றன. கூட்டலில் பிழையே செய்யாது என்று நாம் நம்பும் யந்திரம் இவ்வாறு இரு வேறு விடை கூறலாமா? இவற்றுள் எது சரி?

கண்டிப்பாகச் சொன்னால், இரண்டுமே முழுமையான விடை அல்ல. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதப் புகுந்தால் 0.333 என்று முடிவின்றி நீள்கிறது. எங்கேனும் ஓரிடத்தில் நிறுத்தியே ஆகவேண்டும். கணிப்பொறியோ இரண்டின் அடுக்குகளால் எண்ணுவது. அதற்கு நம் பழைய கணக்குகளில் வழங்கிய அரை, கால், அரைக்கால், வீசம் எனப்படும் பதினாறில் ஒன்று ஆகியவை எளிதில் அடங்கும். இருபதில் ஒன்றாகிய மாவும், எண்பதில் ஒன்றாகிய காணியும் அடங்கமாட்டா. ஆனால் மாவையும் காணியையும் கூட்டிய மாகாணி அந்த வீசமே ஆதலால் அது அடங்கிவிடும்! நாம் அன்றாடம் எழுதும் 0.1 என்ற எளிய எண்ணும் அடங்காத கூட்டத்தையே சேர்ந்தது. கணிப்பொறி வழக்கமாக 53 இரும இலக்கங்கள், அதாவது சுமார் 16 தசம இலக்கங்கள் வரை வைத்துக்கொண்டு, எஞ்சியதை முழுமையாக்கி விடுகிறது. ஒவ்வொரு கூட்டலிலும் பெருக்கலிலும் இந்த முழுமையாக்கம் நிகழ்கிறது.

இதன் விளைவாக, எந்த வரிசையில் கூட்டுகிறோம் என்பதும் முக்கியமாகிறது. 0.1, 0.2, 0.3 ஆகிய மூன்றையும் முன்னிருந்து கூட்டினால் விடையின் பதினாறாவது தசம இடத்தில் ஒரு 1 முளைக்கிறது. பின்னிரண்டை முதலில் கூட்டினால் 0.6 என்றே வருகிறது. பள்ளிக்கூடத்தில் நாம் கற்ற கூட்டல் விதி இங்கே சற்றே தளர்ந்துபோகிறது.

இந்த முழுமையாக்கத்தை ஒழுங்குபடுத்தவே 1985ஆம் ஆண்டில் ஐ.இ.இ.இ. 754 என்னும் பொதுவிதி வந்தது. கனடாவைச் சேர்ந்த கணித அறிஞர் வில்லியம் கஹான் அதற்குப் பெரிதும் உழைத்தவர். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவற்றின் விடை, மெய்யான விடைக்கு மிக நெருங்கிய எண்ணாகவே முழுமையாக்கப்பட வேண்டும் என்று அவ்விதி வரையறுத்தது. ஆயினும் சைன், மடக்கை போன்ற சார்புகளுக்கு அவ்விதி இத்தகைய கட்டாயம் விதிக்கவில்லை. அவற்றைக் கடைசி இலக்கம் வரை சரியாக முழுமையாக்க, சில வேளைகளில் மிகப் பல இலக்கங்கள் முன்சென்று பார்க்க வேண்டியிருக்கும். அதற்குக் காலம் செலவாகும். ஆகவே ஒவ்வோர் இயங்குதளமும் இச்சார்புகளைக் கணக்கிடத் தன்தன் கணிதத் தொகுப்பை வைத்துக்கொண்டிருக்கிறது. அத்தொகுப்புகள் கடைசி இலக்கத்தில் இணங்காமற்போவது உண்டு. இயங்குதளம் மாறினால் விடை மாறுவதற்கு இன்று இதுவே முதன்மையான காரணம் என்பது நம் கருத்து.

வேறு காரணங்களும் உள. நிரலை யந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், பெருக்கலையும் கூட்டலையும் ஒன்றாக்கி ஒரே முறை முழுமையாக்கலாம். மற்றொரு கம்பைலர் தனித்தனியே இருமுறை முழுமையாக்கலாம். பழைய 32-பிட் காலத்தில் இதனினும் விசித்திரமான நிலை இருந்தது. இன்டெல் சில்லின் கணிதப் பகுதி 64 இரும இலக்கங்கள் வரை வைத்துக்கொள்ள வல்லது. லினக்ஸ் அதனை முழுமையாகப் பயன்படுத்தியது. விண்டோஸ் 53 இலக்கங்களுக்குக் கட்டுப்படுத்தியது. சில்லு ஒன்றே, விடை இரண்டு!

இத்துணைச் சிறு வேற்றுமையால் என்ன நேர்ந்துவிடும்? பாலத்தின் சுமைத் தாங்கலைக் கணிப்பது போன்ற அடக்கமான கணக்குகளில் பெரும்பாலும் ஒன்றும் நேராது. வானிலை அப்படியன்று. 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எட்வர்ட் லாரன்ஸ் என்பார், தம் வானிலைக் கணக்கு ஒன்றை இடையிலிருந்து மீண்டும் ஓட்ட எண்ணி, 0.506127 என்பதற்குப் பதிலாக அச்சில் வந்திருந்த 0.506 என்பதையே கொடுத்தார். முதலில் ஒத்துச்சென்ற விடைகள் மெல்ல விலகி, இறுதியில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை ஆயின. யந்திரத்தில் வால்வு பழுதாகிவிட்டதோ என்றுகூட அவர் முதலில் ஐயுற்றார். யந்திரம் பழுதாகவில்லை, சிறு வேற்றுமையைப் பெருக்குவது அந்தக் கணக்கின் இயல்பு. இத்தகைய கணக்கில், இயங்குதளம் விளைக்கும் பதினாறாம் இலக்க வேற்றுமையும் நாளடைவில் முதல் இலக்கத்திற்கே ஏறிவந்துவிடும்.

ஆகவேதான் வானிலையாளர் இன்று ஒரே கணக்கை நம்பி இருப்பதில்லை. தொடக்க எண்களை வேண்டுமென்றே சிறிது சிறிது மாற்றிப் பல கணக்குகளை ஓட்டுகிறார்கள். 2018 ஜூன் மாதத்தில் நம் நாட்டில் செயலுக்கு வந்த ஒரு முன்கணிப்பு முறை, 12 கிலோமீட்டர் நுணுக்கத்தில் 21 கணக்குகளைச் சேர்த்து ஓட்டியது. வங்கக்கடல் புயலின் பாதைகள் யாவும் ஒரே கரையை நோக்கினால் உறுதி மிகும்; விசிறிபோல் விரிந்தால் எச்சரிக்கையும் விரிந்த கரைக்கே தரப்படவேண்டும்.

கடைசி இலக்கமும் ஒத்தே தீரவேண்டிய இடமும் உண்டு. ஜெனீவாவிலுள்ள செர்ன் நிலையம் 2004ஆம் ஆண்டில், 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான்கள் சுற்றிவருவதைக் கணிக்கும் வேலையைப் பொதுமக்களின் வீட்டுக் கணிப்பொறிகளுக்குப் பகிர்ந்தளிக்கத் தொடங்கியது. ஒரே கணக்கை இருவருக்கு அனுப்பி, விடைகள் ஒத்தால் ஏற்பது முறை. வெவ்வேறு கணிப்பொறிகளின் விடைகள் ஒவ்வாதபோது பழுதான யந்திரம் எது, முழுமையாக்க வேற்றுமை எது என்று அறியக்கூடவில்லை. பிரான்சின் லியோன் நகரில் உருவான, சார்புகளையும் சரியாக முழுமையாக்கும் கணிதத் தொகுப்பை நிரலில் சேர்த்த பின்னரே விடைகள் இணங்கின. வேகம் சற்றுக் குறையினும் அந்த விலை தகும்.

நம் நேயர்களுள் இத்தொழிலில் உள்ளோர் ஒன்று செய்து பார்க்கலாம். ஒரே கணிப்பொறியில், தொடக்க எண்ணின் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றிச் சில முறை ஓட்டுக. அவ்விடைகளின் விரிவுக்குள் மற்ற இயங்குதளத்தின் விடையும் அடங்கினால் கவலை வேண்டா. அடங்காவிடில் முழுமையாக்கத்தின்மீது பழிபோட்டு விட்டுவிடலாகாது. மதிப்புத் தரப்படாத ஒரு மாறி, நினைவகத்தில் முன்பிருந்த எச்சத்தை எடுத்துக்கொண்டு, ஓர் இயங்குதளத்தில் பூச்சியமாகவும் மற்றொன்றில் வேறொன்றாகவும் நிற்கக்கூடும். அது நிரலிலேயே உள்ள குற்றம். அதனை வரி வரியாகத் தேடித்தான் திருத்தவேண்டும்.