உங்களுக்குத் தெரியுமா? - பெருந்தமனியை அரிக்கும் நொதிகள்

● வயிற்றுப் பகுதியில் பெருந்தமனியின் குறுக்களவு சுமார் 2 செ.மீ. அது 3 செ.மீ.யைத் தொட்டால் ‘அனியூரிசம்’, அதாவது தமனி வீக்கம். ஆண்களுக்கு 5.5 செ.மீ. ஆகிவிட்டால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

● தமனிச் சுவருக்கு மீள்தன்மை தருவது எலாஸ்டின், உறுதி தருவது கொலாஜன். கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்று 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ராமச்சந்திரன் பிறந்தது எர்ணாகுளத்தில்.

● அந்தக் கயிற்றை அறுக்கும் நொதி முதலில் சிக்கியது தவளைக் குஞ்சின் வாலில்! வால் எப்படிக் கரைகிறது என்று தேடிய ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாப்பியர் இருவரும் 1962இல் கொலாஜனேஸைக் கண்டார்கள். துத்தநாகம் இல்லாமல் இயங்காத, எம்எம்பி என்னும் இந்த நொதிக் குடும்பம்தான் தமனிச் சுவரையும் அரிக்கிறது.

● நொதிகளைக் கொண்டுவருவது யார்? நம்மைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே. நியூட்ரோபில்கள் எலாஸ்டேஸையும், மேக்ரோபேஜ்கள் எம்எம்பி-9 என்னும் நொதியையும் சுவருக்குள் கொட்டுகின்றன. வேலியே பயிரை மேயும் கதை. வளர்ந்தபின் உடல் புது எலாஸ்டினை அநேகமாக உண்டாக்குவதில்லை, போனது போனதுதான்.

● வீங்கிய இடத்தில் ரத்தம் உறைந்து படியும். அது சுவருக்குப் பலமல்ல. அடியிலுள்ள சுவருக்கு ஆக்சிஜன் குறைகிறது. உறைவில் மாட்டிய நியூட்ரோபில்கள் நொதியைக் கசியவிடுகின்றன. சிதையும் சிவப்பணுக்களின் இரும்பும் சேதம் செய்கிறது.

● பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் நோய் உண்டு. சிவப்பணு வளைந்துபோகும் இந்நோய், குழந்தைகளுக்கே பக்கவாதம் வரும் அளவுக்கு மூளைத் தமனிகளைக் கெடுக்கக்கூடியது. இதிலும் கெத்தெப்சின் என்ற நொதிகள் எலாஸ்டினைத் துண்டாக்குவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

● எலாஸ்டேஸை அடக்க ரத்தத்தில் ஒரு காவல் புரதம் இருக்கிறது. பீடி, சிகரெட் புகை அதை முடக்கிவிடும். தமனி வீக்கத்தைத் தூண்டுவதில் புகைக்கே முதலிடம்.

● சர்க்கரை நோயாளிகளுக்கு வயிற்றுத் தமனி வீக்கம் குறைவாகவே வருகிறது! மெட்ஃபார்மின் மாத்திரை காரணமா என்று ஆராய்கிறார்கள்.

● டாக்ஸிசைக்ளின் என்னும் கிருமிக்கொல்லி மாத்திரைக்கு எம்எம்பி நொதிகளை அடக்கும் குணமும் உண்டு. ஆனால் அமெரிக்காவில் இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தும் வீக்கம் வளர்வது குறையவில்லை. முடிவு 2020இல் வெளியானது.

● ஐன்ஸ்டீனின் வீங்கிய தமனியை 1948இல் டாக்டர் ருடால்ஃப் நிஸ்ஸன் செலோஃபேன் தாளால் சுற்றினார். அந்நியப் பொருளைக் கண்டு திசு தடித்துத் தழும்பாகட்டும் என்பது கணக்கு. ஆறு ஆண்டுகளுக்கு மேல் தாங்கியது. 1955 ஏப்ரலில் வெடித்தது. மறுபடி அறுவை வேண்டாம் என்று ஐன்ஸ்டீனே மறுத்துவிட்டார்.

● வீக்கம் வெடிக்கும்வரை பெரும்பாலும் வலி இருக்காது. 65 முதல் 75 வயதுக்குள் உள்ள, எப்போதாவது புகைத்த ஆண்களுக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் போதும் என்கிறது அமெரிக்கப் பரிந்துரை. மறையூரிலிருந்து உடுமலைக்கோ, குமுளியிலிருந்து தேனிக்கோ, வாளையாறு தாண்டிக் கோவைக்கோ வைத்தியத்துக்கு வரும் பெரியவர்கள், ஸ்கேன் எடுக்கும்போது தமனியையும் அளக்கச் சொல்லலாம். திடீரென வயிறும் முதுகும் பிளப்பதுபோல் வலித்து மயக்கம் வந்தால், சுமை தூக்கிய பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.