கப்பலைக் கேட்பார்கள்... ரயிலை யார் கேட்பது?

ராயபுரத்தில் ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் ரயில் பாதை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால், பயணத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால், இந்த இரண்டு இடங்களிலும் நடப்பது முற்றிலும் வேறு வேறு.

முதலில் துறைமுகத்தைப் பார்ப்போம். வெளிநாட்டிலிருந்து வரும் கப்பல் கரை சேரும் முன்பே அதன் கேப்டன் ஒரு சுகாதார உறுதிமொழிப் படிவத்தை நிரப்பித் தர வேண்டும். 'பயணத்தின்போது விபத்து தவிர வேறு காரணத்தால் யாராவது இறந்தார்களா? தொற்றுநோய் என்று சந்தேகிக்கும்படி யாருக்காவது உடல்நலக் குறைவு ஏற்பட்டதா? நோயாளிகளின் எண்ணிக்கை வழக்கத்தைவிட அதிகமா? இப்போது கப்பலில் நோயாளி இருக்கிறாரா? மருத்துவரிடம் கேட்டீர்களா?' இப்படிப் போகின்றன கேள்விகள். பதிலைப் பார்த்து, துறைமுக சுகாதார அதிகாரி திருப்தி அடைந்தால்தான் கப்பலுக்கு அனுமதி. அதுவரை மஞ்சள் கொடியைப் பறக்கவிட்டுக் காத்திருப்பது கடலோடிகளின் வழக்கம். பலரும் நினைப்பதுபோல அந்தக் கொடிக்கு இன்று 'உள்ளே நோய் இருக்கிறது' என்று அர்த்தமில்லை. 'எங்கள் கப்பலில் எல்லோரும் நலம், அனுமதி கொடுங்கள்' என்பதுதான் அர்த்தம். இதற்கென இந்தியாவில் 1955-லேயே துறைமுக சுகாதார விதிகள் வந்துவிட்டன. வெளிநாட்டு விமானங்களுக்கான விதிகள் அதற்கும் ஒரு வருடம் முந்தியவை.

இனி ரயிலுக்கு வருவோம். ஹவுராவிலிருந்து சென்னைக்கு வரும் ரயிலில் முன்பதிவில்லாத பெட்டி. நிற்க இடமில்லை. விஜயவாடா தாண்டியதும் ஓர் இளைஞருக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. சென்ட்ரலில் தள்ளாடி இறங்குகிறார். ஷேர் ஆட்டோ பிடித்து, திருவொற்றியூரில் எட்டுப் பேர் தங்கியிருக்கும் ஓர் அறைக்குப் போய்ப் படுக்கிறார். இது கற்பனைதான். ஆனால் எண்ணூர், மணலி, திருவொற்றியூர் தொழிற்சாலைகளுக்கு வட மாநிலங்களிலிருந்து வேலைக்கு வரும் யாருக்கும் இது நடக்கலாம். அந்த ரயிலில் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கப்பல் கேப்டன் நிரப்பும் படிவம்போல உள்நாட்டு ரயிலுக்கு ஒன்று கிடையாது.

ரயிலில் வந்த இரண்டாவது நோயாளி

தமிழ்நாட்டில் முதல் கொரோனா நோயாளி, ஓமனிலிருந்து விமானத்தில் வந்தவர். 2020 மார்ச் 7-ம் தேதி அவருக்குத் தொற்று உறுதியானது. வெளிநாட்டிலிருந்து வருபவர்களை விமான நிலையத்தில் வடிகட்டிவிட்டால் போதும் என்று அப்போது பலரும் நம்பினார்கள். மார்ச் 18-ம் தேதி இரண்டாவது நோயாளியைப் பற்றி அன்றைய சுகாதாரத்துறை அமைச்சர் விஜயபாஸ்கர் அறிவித்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அவர் உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த 20 வயது இளைஞர். வெளிநாட்டுக்கே போகாதவர். டெல்லியிலிருந்து ரயிலில் சென்னைக்கு வந்து சேர்ந்தவர்.

விமானம் என்றால் இருக்கை எண்ணோடு பெயர்ப் பட்டியல் இருக்கும். ரயிலில் முன்பதிவுப் பெட்டிக்கும் பட்டியல் உண்டு. ஒரு நபர் பதிவு செய்த டிக்கெட்டில் ஆறு பேர் வந்திருந்தால் ஒரே போன் நம்பர்தான் இருக்கும் என்றாலும், ஏதோ ஒரு நுனியாவது கையில் கிடைக்கும். முன்பதிவில்லாத பெட்டியில் அதுவும் இல்லை. நடுவழியில் எத்தனை பேர் ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

அடுத்த சில நாட்களில் நாடு முழுக்க இதே கதை. மார்ச் 13-ம் தேதி டெல்லியிலிருந்து ராமகுண்டத்துக்கு ஆந்திரா சம்பர்க் கிராந்தி ரயிலில் பயணம் செய்த 8 பேருக்குத் தொற்று என்று ரயில்வே அறிவித்தது மார்ச் 21-ல்தான். இடையில் எட்டு நாட்கள். அதே சமயத்தில் ராஜதானி ரயிலில் போன ஒருவரின் கையில், வீட்டுத் தனிமையில் இருக்க வேண்டியவர் என்பதற்கான முத்திரை இருந்தது. சக பயணி அதைக் கவனித்துச் சொல்ல, கணவன் மனைவி இருவரும் காசிப்பேட்டையில் இறக்கிவிடப்பட்டார்கள். மார்ச் 22-ல் பயணிகள் ரயில்களே நின்றன. அந்த மே மாதம் சென்னையின் 15 மண்டலங்களில் அதிக நோயாளிகள் இருந்தது ராயபுரத்தில்தான். ராயபுரம் பெயரைக் கேட்டாலே ஊர் பயந்த நாட்கள் அவை.

இறக்கிவிடும் சட்டம்

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1989-ம் வருட ரயில்வே சட்டத்தின் 56-வது பிரிவு, குறிப்பிட்ட தொற்றுநோய் உள்ளவர் அதிகாரம் பெற்ற ரயில்வே ஊழியரின் அனுமதி இல்லாமல் ரயிலில் ஏறவோ பயணம் செய்யவோ கூடாது என்கிறது. அனுமதி கொடுத்தால் மற்ற பயணிகளிடமிருந்து அவரைப் பிரித்து உட்காரவைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அனுமதி வாங்காமல் ஏறினால்? அவருடைய டிக்கெட்டும் துணைக்கு வந்தவர் டிக்கெட்டும் பறிமுதல். இருவரையும் ரயிலிலிருந்து வெளியேற்றலாம். 1890-ம் வருடச் சட்டத்திலும் இதே சாயலில் ஒரு பிரிவு இருந்தது.

சிக்கல் இங்கேதான். அம்மை போட்ட குழந்தையோடு ஊருக்குப் போகும் தாய் இதைக் கேள்விப்பட்டால் என்ன செய்வார்? குழந்தையைப் போர்வையால் மூடிக்கொள்வார். சொன்னால் இறக்கிவிடுவார்கள் என்று தெரிந்த பிறகு யார் வாயைத் திறப்பார்கள்?

இந்த பயத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. பம்பாயில் பிளேக் பரவியபோது அவசரமாகக் கொண்டுவரப்பட்ட 1897-ம் வருடக் கொள்ளைநோய்ச் சட்டம், ரயில் பயணிகளைச் சோதித்து, சந்தேகப்படுபவர்களைத் தனியே பிரித்துவைக்க அதிகாரம் கொடுத்தது. நோய் கண்ட ஊர்களிலிருந்து சென்னை மாகாணத்துக்குள் வருபவர்கள் கையில் 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுக்கப்பட்டது. போய்ச் சேர்ந்த ஊரில் தினமும் அதிகாரி முன் ஆஜராக வேண்டும். கெடுபிடி தாங்காமல் ஜனங்கள் நோயாளிகளை மறைத்தார்கள், சாவைக்கூட மறைத்தார்கள். புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டது அதே 1897-ல். நோயைக் கண்டுபிடிக்கப் போட்ட சட்டமே நோயை ஒளித்துவைக்கக் காரணமானது.

கொரோனா சமயத்தில் புலம்பெயர் தொழிலாளர்களை ஏற்றிச்சென்ற ஷ்ராமிக் சிறப்பு ரயில்களையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். 4,621 ரயில்களில் 63 லட்சத்துக்கும் அதிகமானோர் பயணம் செய்தார்கள். 2020 செப்டம்பர் 9 வரை அந்த ரயில்களில் 97 பேர் இறந்ததாக நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தெரிவித்தது. அதில் 87 உடல்கள் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டன. அதுவரை கைக்கு வந்த அறிக்கைகள் 51. மாரடைப்பு, மூளையில் ரத்தக்கசிவு, ஏற்கெனவே இருந்த நுரையீரல், கல்லீரல் நோய்கள் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. வெயிலும் பசியும் தாகமும் எந்த அறிக்கையின் எந்தக் கட்டத்தில் எழுதப்படும் என்பதுதான் தெரியவில்லை.

கஞ்சித் தொட்டி இருந்த ஊரில்...

பசி என்றதும் ராயபுரம் மறுபடியும் கதைக்குள் வருகிறது. இங்கே இருக்கும் ஸ்டான்லி மருத்துவமனையைப் பழைய ஆட்கள் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். 1782 பஞ்சத்தில் சென்னைக்கு ஓடிவந்த ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் அதன் தொடக்கம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்புவதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே, வழிப்போக்கர்களின் பசிக்கும் நோய்க்கும் இந்த ஊர் பதில் சொல்லத் தொடங்கிவிட்டது.

2024 செப்டம்பரில் மேற்கு வங்கத்திலிருந்து திருவள்ளூர் மாவட்டத்துக்கு விவசாய வேலை தேடி வந்த தொழிலாளர்கள் சிலர், வேலையும் பணமும் இல்லாமல் ஊர் திரும்ப சென்ட்ரல் ரயில் நிலையம் வந்தார்கள். அங்கேயே மயங்கி விழுந்தார்கள். ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் ஒருவர் அந்த மாத இறுதியில் இறந்துபோனார். பட்டினியே காரணம் என்று செய்திகள் வந்ததும் தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. மயங்கி விழுந்த பிறகுதான் அவர்கள் யார் கண்ணுக்கும் தெரிந்தார்கள்.

புனேயில் நின்ற 50 நிமிடங்கள்

உடனே சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கும் சென்னையோடு சம்பந்தப்பட்ட உதாரணம் இருக்கிறது. 2023 நவம்பரில் சென்னையிலிருந்து குஜராத்தின் பாலிதானாவுக்கு ஒரு குழுவினர் பாரத் கௌரவ் ரயிலில் யாத்திரை போனார்கள். வழியில், ரயில்வே தராத, வெளியே தயாரான உணவைச் சாப்பிட்ட சுமார் 40 பேருக்கு வயிற்றுவலி, வாந்தி, தலைச்சுற்றல். தகவல் முன்கூட்டியே போனதால், 28-ம் தேதி இரவு ரயில் புனேயைத் தொட்டபோது நடைமேடையில் மருத்துவர்கள் தயாராக இருந்தார்கள். சுமார் 50 நிமிடங்கள் சிகிச்சை. பிறகு ரயில் கிளம்பியது.

ஒருவருக்கு வாந்தி என்றால் அது அவருடைய வயிற்றுக் கோளாறு. ஒரே ரயிலில் 40 பேருக்கு என்றால் அது சுகாதாரத்துறைக்குப் போக வேண்டிய செய்தி. ஆனால் நாற்பதும் ஒன்று ஒன்றாகத்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில் உள்நாட்டு விமானங்களுக்கே இப்படி ஒரு விதி இருக்கிறது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பறக்கும்போது பயணி இறந்தாலோ, காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு, மூச்சுத்திணறல், விடாத இருமல், நினைவு தடுமாற்றம் போன்ற அறிகுறிகள் தெரிந்தாலோ, விமானி நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 2017-ல் அந்த அறிகுறிப் பட்டியலையே விரிவாக்கினார்கள். நம் ஊரில் ரயில்வே கட்டுப்பாட்டு அறை, ரயில்வே மருத்துவர், ரயில்வே போலீஸ் என்று தகவல் ஒரு தடத்தில் ஓடுகிறது. நோயாளி போய்ச் சேரும் ஊரின் சுகாதார ஆய்வாளர் அந்தத் தடத்திலேயே இல்லை. ஆம்னி பஸ்ஸில் அந்தத் தடமும் இல்லை. டிரைவர் மனசு வைத்தால் உண்டு.

நீங்கள் என்ன செய்யலாம்?

ரயிலில் உங்களுக்கோ பக்கத்தில் இருப்பவருக்கோ முடியாமல் போனால் 139-ஐ அழைக்கலாம். 'ரயில் மதத்' செயலியிலும் பதியலாம். ரயில் எண், பெட்டி, படுக்கை எண், அடுத்து நிற்கும் ஸ்டேஷன், நோயாளியின் வயது, என்ன செய்கிறது என்பதை வரிசையாகச் சொல்லுங்கள். டி.டி.இ-யிடமும் சொல்லிவிடுங்கள். நெஞ்சுவலிக்காரருக்கு அடுத்த ஸ்டேஷனில் மருத்துவர் வருவதும் வராமல் போவதும் இந்த ஒரு போனில்தான் இருக்கிறது. உச்ச நீதிமன்ற உத்தரவும் எய்ம்ஸ் மருத்துவர் குழுவின் பரிந்துரையும் வந்த பிறகு, ரயில்களிலும் நிலையங்களிலும் உயிர்காக்கும் மருந்துகளும் ஆக்சிஜன் சிலிண்டரும் கொண்ட மருத்துவப் பெட்டி வைக்க ரயில்வே முடிவெடுத்தது. எனவே, 'மருத்துவப் பெட்டி எங்கே?' என்று உரிமையோடு கேளுங்கள்.

சொல்லவே சங்கடமான இன்னொன்றும் உண்டு. பயணத்திலேயே உயிர் பிரிந்துவிட்டால், ஊர் போய்ச் சேரும்வரை மூச்சுவிடாமல் இருந்துவிடலாம் என்று சில குடும்பங்கள் நினைப்பதுண்டு. தெரியாத ஊரில் இறக்கி, போலீஸ், பிரேதப் பரிசோதனை என்று அலையவிடுவார்களே என்ற பயம்தான் காரணம். அந்த பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இறந்துவிட்டார் என்பதை மருத்துவர்தான் உறுதிசெய்ய முடியும். நினைவிழந்து கிடப்பவரைப் போய்விட்டார் என்று உறவினர்களே முடிவு செய்துவிடக் கூடாது. இறப்பு உறுதியானால் ஸ்டேஷன் மாஸ்டர் ரயில்வே போலீஸுக்கு எழுத்தில் தகவல் கொடுப்பார். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-வது பிரிவின்கீழ் விசாரணை நடக்கும். நீண்டநாள் நோயாளியோடு கிளம்பும்போது மருந்துச் சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றைக் கைப்பையிலேயே வைத்திருந்தால் அந்த நேரத்தில் போலீஸிடம் காட்டப் பெரிதும் உதவும். சூட்கேஸின் அடியில் கிடந்தால் யாருக்கும் உதவாது.

வீடு வந்து சேர்ந்த பிறகு, இரண்டு மூன்று நாளில் காய்ச்சலோ பேதியோ வந்தால் 104-க்கு அழைக்கலாம், மாநகராட்சி சுகாதார மையத்துக்குப் போகலாம், ஸ்டான்லிக்குப் போகலாம். எங்கே போனாலும் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: எந்த ரயில், எந்தத் தேதி, எந்தப் பெட்டி, பக்கத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா. அந்தப் பதிலில் கொஞ்சம் சரித்திரமே இருக்கலாம். ஆகவே ஊரிலிருந்து வந்ததும் டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிடாமல், போனில் வந்த மெசேஜை அழித்துவிடாமல், ஒரு பத்து நாளாவது வைத்திருங்கள். முன்பதிவில்லாத பெட்டியில் வந்தவருக்கு, அந்த ரயிலில் அவர் இருந்தார் என்று காட்ட அந்தத் துண்டுச் சீட்டைத் தவிர வேறு எதுவும் கிடையாது.