கழுத்தில் தெரியும் இதயம்

கப்பல் தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் மீயொலிக் கருவி ஒன்று சுவீடன் நாட்டு மால்மோ நகரின் கப்பல் கட்டும் தளத்தில் இருந்தது. லுண்ட் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹெல்முட் ஹெர்ட்ஸ் 1953இல் அதைத் தன் மார்பிலேயே வைத்துப் பார்த்தார். இதயம் துடிக்கத் துடிக்க எதிரொலியும் நகர்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று, இதய மருத்துவர் இங்கே எட்லருடன் சேர்ந்து அந்த அசைவைப் பதிவு செய்தார். இன்று நாம் ‘எக்கோ’ என்று சொல்லும் பரிசோதனை அங்கே தொடங்கியது. அன்று திரையில் இதயத்தின் உருவம் தெரியவில்லை. ஏறி இறங்கும் கோடுகள்தான் தெரிந்தன.

பிறகு உருவம் தெரிந்தது. ஆனால் பல ஆண்டுகள் அந்தக் கருவி பெரிய மருத்துவமனையின் இருட்டறையை விட்டு வெளியே வரவில்லை. சக்கரம் வைத்த அலமாரி அளவுக்கு இருந்ததால், நோயாளிதான் அதைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இன்று அது மருத்துவரின் சட்டைப்பையில் அடங்கி, கைபேசித் திரையில் படம் காட்டுகிறது.

எடுத்துச் செல்லும் அளவுக்குச் சிறுத்த கருவி என்ன செய்யும் என்பதற்கு அதே சுவீடனில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நாட்டின் வடக்கே வெஸ்டர்பாட்டன் என்றொரு மாகாணம். நாட்டிலேயே மாரடைப்புச் சாவுகள் மிகுந்திருந்த பகுதி அது. 1985இல் நூர்ஷோ என்ற சிற்றூரில் ஒரு தடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, பிறகு மாகாணம் முழுக்க விரித்தார்கள். 40, 50, 60 வயதாகும்போது ஒவ்வொருவருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அழைப்பு போகும். எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் எல்லாம் பார்ப்பார்கள். பிறகு செவிலியர் உட்கார்ந்து பேசுவார்.

அந்த எண்களிலிருந்து ஆபத்தைக் கணிக்கும் வழி அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரிலிருந்து வந்தது. 1948இல் தொடங்கி 5,209 பேரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து கவனித்துக் கண்டறிந்த வழி. அடுத்த பத்தாண்டில் மாரடைப்போ பக்கவாதமோ வர நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்று அந்தக் கணக்கு சொல்லும். கூட்டத்தைப் பொறுத்தவரை அது சரியான கணக்கு. எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதருக்கோ ‘நூற்றுக்குப் பன்னிரண்டு’ என்பதில் அந்தப் பன்னிரண்டில் தான் ஒருவரா என்று தெரியாது. மாத்திரை பாதியில் நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

எண்ணோடு படத்தையும் காட்டினால் என்ன ஆகும் என்று பார்க்க, 2013 முதல் 2016 வரை அதே வெஸ்டர்பாட்டன் மாகாணத்தில் 3,532 பேருக்கு எடுத்துச் செல்லக்கூடிய கருவியால் கழுத்துத் தமனியை ஸ்கேன் செய்தார்கள். தலையை ஒருபக்கம் சாய்த்துப் படுக்கச் சொல்லி, தாடைக்குக் கீழே ஜெல் தடவிக் கருவியை வைக்கிறார்கள். சாம்பல் நிறத் திரையில் ரத்தக் குழாயின் சுவர் இரண்டு இணைகோடுகளாகத் தெரிகிறது. அந்தக் கோடு ஓரிடத்தில் உள்நோக்கிப் புடைத்து 1.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கொழுப்புப் படிவு என்று கொள்வது வழக்கம். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்து இரைச்சல் கேட்ட நாளில், குழாய் வெகுவாகக் குறுகிய பிறகுதான் இது பிடிபட்டது.

பாதிப் பேருக்கும் அவர்களுடைய மருத்துவர்களுக்கும் மட்டும் முடிவைப் படமாக அனுப்பினார்கள். படிவு இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. கூடவே ரத்தக் குழாயின் வயது எவ்வளவு என்பதும் இருந்தது. சில வாரங்களில் செவிலியர் தொலைபேசியில் அழைத்துப் படத்தைப் பற்றிப் பேசினார். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இவர்களுடைய ஆபத்துக் கணக்கு சற்றுக் குறைந்திருந்தது. படம் பார்க்காத பாதிப் பேருக்குச் சற்றுக் கூடியிருந்தது. 2019இல் ‘லான்செட்’ இதழில் இது வெளியானது. வித்தியாசம் சிறியதுதான். ஆனாலும் புதிய மருந்து எதுவும் தராமல், ஒரு படமும் அதைப் பற்றிய பேச்சும் தந்த வித்தியாசம் அது.

ஒரு காலத்தில் ரத்தக் குழாய்ச் சுவரின் தடிப்பையே பெரிதாக எண்ணினார்கள். அதை எல்லாருக்கும் வழக்கமாக அளக்க வேண்டாம் என்று 2013இல் அமெரிக்க வழிகாட்டி நெறி சொல்லிவிட்டது. படிவு உண்டா இல்லையா என்ற கேள்விக்குத்தான் இன்று மதிப்பு. கழுத்து சுத்தமாக இருப்பதால் இதயக் குழாயும் சுத்தம் என்றாகிவிடாது. பச்சை நிறத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் புகைபிடிக்கப் போகிறவருக்கு அந்தப் படம் தீங்குதான் செய்கிறது.

நம் இந்தியாவில் இந்தக் கருவி இவ்வளவு எளிதாக ஊர் சுற்ற முடியாது. கருவின் பாலினத்தைக் கண்டறியக்கூடிய ஸ்கேன் கருவி எதையும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்தே பயன்படுத்த வேண்டும். எடுத்துச் செல்லும் கருவிக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். பெண் சிசுக்களை இழந்த நாடு இது. அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்ல எனக்கு மனம் வராது. பதிவு பெற்ற இடத்தில் இதயத்துக்கும் கழுத்துக்கும் இதைப் பயன்படுத்தச் சட்டம் தடையாக இல்லை.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்கேன் முடிந்ததும் படம் உறைக்குள் போய்விடுகிறது. ‘அடுத்தவர் வாங்க’ என்ற குரல் வந்துவிடுகிறது. நாடி பிடித்துக்கொண்டே வீட்டு நிலவரம் விசாரித்த மருத்துவரிடம் இந்தக் கருவி இல்லை. கருவி இருக்கும் இடத்தில் அப்படிப் பேச ஐந்து நிமிடம் இல்லை. வெஸ்டர்பாட்டனில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. உங்களுக்கோ வீட்டுப் பெரியவருக்கோ ஸ்கேன் எடுத்தால், திரையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். எது சுவர், எது படிவு என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள்.