கூரை என்றால் எந்தக் கூரை?



கல்யாணச் சமையல்காரர் மளிகைப் பட்டியல் சொல்லும்போது கேட்டிருப்பீர்கள். 'அரிசி' என்று மட்டும் அவர் சொல்வதில்லை. சாதத்துக்கு எந்த அரிசி, பாயசத்துக்கு எந்த அரிசி, எத்தனை கிலோ, பருப்பு முழுசா உடைத்ததா என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒருவேளைச் சாப்பாட்டுக்கே இத்தனை கவனம்! முப்பது ஆண்டு பால்வெட்டிச் சேர்த்த சேமநிதிப் பணத்தில் வீடு கட்டும்போது மட்டும் நாம் 'நல்ல சிமெண்டு, நல்ல தகரம்' என்ற வாய்ச்சொல்லோடு நின்றுவிடுகிறோம்.

என் அண்ணனும் அப்படித்தான் நின்றார். லயத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு வந்தவர், வீட்டின் பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டினார். குத்தகையாளர் கொடுத்த தாளில், 'கூரைக்குப் புதுத் தகரம்' என்று ஒரே வரிதான் இருந்தது. மறு வருடமே ஆணி அடித்த இடமெல்லாம் ஒழுகியது. விரலால் அழுத்தினால் நெளியும் தகரம் அது. போய்க் கேட்டதற்கு, "புதுத் தகரம் என்றுதானே எழுதியிருக்கிறது? புதுசுதானே போட்டேன்?" என்றார். அண்ணனிடம் பதில் இல்லை. எந்தத் தகரம் என்று தாளில் எழுதவில்லையே!

இந்தக் குறையைப் போக்குவதற்கென்றே கட்டடத் தொழிலில் விவரக்குறிப்பு என்ற ஒன்று உண்டு. ஒரு கட்டடத்துக்கு மூன்று ஆவணங்கள் வேண்டும். எது எங்கே, எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று காட்டுவது வரைபடம். எத்தனை என்று கணக்குச் சொல்வது அளவுப் பட்டியல். என்ன பொருள், எந்தத் தரம், எப்படிப் பொருத்த வேண்டும் என்று சொல்வது விவரக்குறிப்பு.

நம் நாட்டுப் பொதுப்பணித் துறையாகிய ஜே.கே.ஆர். கட்டட வேலைகளுக்கென்று பொது விவரக்குறிப்பு நூல் ஒன்றை வைத்திருக்கிறது. மண்வேலை, கான்கிரீட், செங்கல், கூரை, தச்சு, பூச்சு, சாயம் என்று அதில் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டில் இத்தகைய குறிப்புகளுக்கு 16 பிரிவுகள் வகுத்தார்கள். 2004இல் அவற்றை 50 ஆக விரித்தார்கள். அங்கே 03 என்ற எண்ணைக் கண்டால், அது கான்கிரீட் பிரிவு என்று எவரும் அறிவர். ஒவ்வொரு வேலைக்கும் உரிய குறிப்பில் மூன்று பகுதிகள் இருக்கும். முதலாவது பொது விதிகள். மாதிரியை யாரிடம் காட்டி ஒப்புதல் பெறுவது என்பது போன்றவை. இரண்டாவது பொருள். மூன்றாவது வேலைமுறை. இப்படிப் பிரிப்பதால் தேடுவது எளிது. ஒரே செய்தி இரண்டு இடத்தில் முரணாக வருவதும் குறையும்.

சரி, ஒரு பொருளைக் குறிப்பிடுவது எப்படி? நான்கு வழிகள் உண்டு.

ஒன்று, தயாரிப்பின் பெயரைச் சொல்வது. அதோடு 'அல்லது அதற்கு ஈடானது' என்று சேர்ப்பது வழக்கம். ஈடானதா இல்லையா என்று முடிவு செய்பவர் யார் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

இரண்டு, பொருளின் தன்மையை விவரிப்பது. மரம் என்றால் பாலாவா, கெம்பாஸா, மெராந்தியா? கறையான் மருந்து ஏற்றியதா? தகரம் என்றால் கனம் எவ்வளவு? இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கேஜ் எண் கூடக் கூடத் தகரம் மெல்லிசாகும். 30 கேஜ் தகரம் 26 கேஜைவிட மெல்லியது. மில்லிமீட்டரில் சொன்னாலும், சாயமும் பூச்சும் சேர்ந்த கனமா, எஃகின் கனம் மட்டுமா என்று கேளுங்கள்.

மூன்று, தரநிலை எண்ணைச் சொல்வது. மலேசியத் தரநிலைகள் எம்.எஸ். என்ற எழுத்துகளோடு வரும். 1975இல் தோன்றிய சிரிம் நிறுவனம் பொருள்களைச் சோதித்துச் சான்று வழங்குகிறது.

நான்கு, என்ன பயன் தர வேண்டும் என்று சொல்வது. கான்கிரீட் 28 நாளில் இவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்பது இவ்வகை.

பொருள் நல்லதானால் மட்டும் போதாது, வேலைமுறையும் வேண்டும். சிமெண்டு மூட்டையை ஈரத் தரையில் போட்டு வைத்தால், உள்ளே கட்டி தட்டிவிடும். ஒன்றுக்கு இரண்டு மணல், நான்கு கல் என்று கலக்க வேண்டியதில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றினால், கலவை இளகி வேலை சுலபமாகும். ஆனால் கான்கிரீட்டின் வலு குறைந்துவிடும்.

தாமானில் மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1989ஆம் ஆண்டு வீடமைப்பு விதிமுறைகளின்படி செய்யும் விற்பனை ஒப்பந்தத்தில், நிலத்தோடு கூடிய வீட்டுக்கு நான்காம் அட்டவணை என்று ஒரு பக்கம் உண்டு. சுவர், கூரை, கூரைச் சட்டம், கதவு, சன்னல், தரை, குழாய், மின்சாரம் ஆகியவை எத்தகையவை என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் உங்கள் வீட்டின் விவரக்குறிப்பு. கையெழுத்துப் போடும் முன், படித்த பிள்ளையை உட்கார வைத்து அதை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். சாவி வாங்கிய பின் அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாகப் பாருங்கள். குறை கண்டால், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் மேம்பாட்டாளருக்கு எழுத்தில் தெரிவிக்கலாம். அவர் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும்.

அண்ணன் அந்தக் கூரையைப் பிரித்து மறுபடியும் போட்டார். இந்த முறை நானும் அவரும் மேசையில் அமர்ந்து எழுதினோம். எந்தத் தகரம், எஃகின் கனம் எவ்வளவு, எந்தத் திருகாணி, வேலை எவ்வளவு முடிந்தால் எவ்வளவு பணம், பழுது வந்தால் யார் பொறுப்பு. தாளைப் பார்த்ததும் ஒருவர் வேலையே வேண்டாம் என்று போய்விட்டார். அடுத்து வந்தவர் சற்றுக் கூடுதலாக விலை சொன்னார்; ஆனால் எழுதியதைப் போட்டுக் கொடுத்தார். மழைக்கு அண்ணி இப்போது அடுக்களையில் பாத்திரம் வைப்பதில்லை.

எழுதிக் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது, நேயர்களே. வேலை செய்பவருக்கும் செய்விப்பவருக்கும் அது பாதுகாப்பு.