நம் ஆஸ்பத்திரி நன்றாக நடக்கிறதா?

ஓர் ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதுக் கட்டடம் கட்டினார்கள். சுவரெல்லாம் புது வண்ணம். வாசலில் பெரிய பலகை.

"பார்த்தீங்களா அக்கா, ஆஸ்பத்திரி எவ்வளவு அழகா இருக்கு!" என்றான் ஓர் இளைஞன்.

"அழகாத்தான் இருக்கு தம்பி. ராத்திரியில பிரசவ வலி வந்தா கதவு திறந்திருக்குமா?" என்று கேட்டார் அந்த அக்கா.

அக்கா கேட்டது நல்ல கேள்வி. நாடு முழுவதற்கும் இதே கேள்விதான்.

சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் வேண்டும். 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும். மலைப் பகுதியில் 3,000 பேருக்கும் 20,000 பேருக்கும் ஒன்று வேண்டும். இது அரசு வகுத்த கணக்கு. ஆனால் இது கட்டடக் கணக்கு. உள்ளே வேலை நடக்கிறதா என்று இது சொல்லாது.

அதற்கு வேறு கணக்கு உண்டு.

குழந்தைகள் சொல்லும் கணக்கு

உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் எத்தனை குழந்தைகள் ஒரு வயது ஆகும் முன்பே இறக்கின்றன? இதைக் 'குழந்தை இறப்பு விகிதம்' என்பார்கள்.

ஏன் குழந்தையை வைத்துக் கணக்குப் பார்க்கிறோம்? ஒரு குழந்தை பிழைக்கப் பல தேவை. தாய்க்கு நல்ல சாப்பாடு வேண்டும். பிரசவம் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். ஆபத்து நேரத்தில் வண்டி வேண்டும். தடுப்பூசி வேண்டும். நல்ல தண்ணீர் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் குழந்தையின் உயிருக்கு ஆபத்து.

1971இல் நம் நாட்டில் 1,000 குழந்தைகளுக்கு 129 குழந்தைகள் இறந்தன. 2020இல் அது 28 ஆகக் குறைந்தது. இது பெரிய முன்னேற்றம்.

பிரசவத்தையும் பாருங்கள். 2005-06இல் 100 பிரசவங்களில் 39தான் மருத்துவமனையில் நடந்தன. 2019-21இல் 89 ஆயின. 2005இல் தேசிய கிராம சுகாதார இயக்கம் தொடங்கியது. ஆஷா பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளை அழைத்து வந்தார்கள். உயர்வுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு சோறு போதுமா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நாட்டுக்கு இது பொருந்தாது. 28 என்பது நாட்டின் சராசரி. அதே 2020இல் கேரளத்தில் 6 குழந்தைகள் இறந்தன. மத்தியப் பிரதேசத்தில் 43 குழந்தைகள் இறந்தன. ஒரே நாடு. ஆனால் பிறந்த இடத்தைப் பொறுத்து உயிர் பிழைக்கிறது. எனவே சராசரியை மட்டும் பார்த்து மகிழக் கூடாது. எங்கே பின்தங்கி இருக்கிறோம் என்றும் பார்க்க வேண்டும்.

யார் பணம்?

இன்னொரு கணக்கும் உண்டு. வைத்தியத்துக்காக நாட்டில் 100 ரூபாய் செலவானால், மக்கள் தம் கையிலிருந்து எவ்வளவு கொடுக்கிறார்கள்? 2013-14இல் 64 ரூபாய் கொடுத்தார்கள். 2021-22இல் 39 ரூபாய் கொடுத்தார்கள். சுமை குறைந்துள்ளது. ஆனாலும் கூலி வேலை செய்பவருக்கு இது பெரிய சுமைதான். ஆட்டை விற்று, நகையை அடகு வைத்து வைத்தியம் பார்த்தால், நோய் போகும், கடன் நிற்கும்.

கணக்கு எங்கிருந்து வருகிறது?

நாடு முழுவதும் சில ஊர்களையும் சில தெருக்களையும் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே பிறப்பு, இறப்பை ஒருவர் தொடர்ந்து எழுதி வருகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொருவர் வந்து தனியாகக் கணக்கு எடுக்கிறார். இரண்டையும் ஒப்பிட்டுத் தவறைத் திருத்துகிறார்கள். இதற்கு 'மாதிரிப் பதிவு முறை' என்று பெயர்.

நாமும் கணக்கில் சேர வேண்டும். பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பிறந்த சில நாளில் குழந்தை இறந்தால், "எதற்குப் பதிவு?" என்று விட்டுவிடுகிறார்கள். அது தவறு. பதியாத சாவு வெளியே தெரியாது. தெரியாத குறையை யார் சரிசெய்வார்?

நாம் என்ன செய்யலாம்?

ஒரு சிற்றூரில் ஆண்டுக்குச் சில குழந்தைகளே பிறக்கும். அங்கே விகிதம் பார்ப்பது கடினம். ஆனால் கேள்வி கேட்கலாம்.

மருத்துவர் எந்த நாளில், எந்த நேரத்தில் வருகிறார்?
மருந்து அங்கேயே கிடைக்கிறதா? வெளியே வாங்கச் சொல்கிறார்களா?
இரவில் பிரசவம் பார்க்க ஆள் உண்டா?
இலவசமாகக் கிடைக்க வேண்டியதற்குப் பணம் கேட்கிறார்களா?
எல்லாத் தெருக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி போட்டாகிவிட்டதா?

இவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதியும் எழுதுங்கள். கிராம சபையில் படியுங்கள். கிராம சுகாதாரக் குழுவிடம் கேளுங்கள். "ஆஸ்பத்திரி சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் எளிதாக மறுத்துவிடுவார்கள். "இந்த மாதம் எட்டு நாள் மருந்து இல்லை" என்று தேதியுடன் சொன்னால் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்போது நமக்கு எழுதப் படிக்கத் தெரியும். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் கணக்கை நீங்களே எழுதத் தொடங்குவீர்களா?