பழைய காரின் டாப்பை அறுத்து இறக்கலாமா? கிரைண்டரை எடுக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

சென்னையில் கார் தயாரிப்பு என்றதும் நமக்கு ஸ்ரீபெரும்புதூரும் மறைமலை நகரும்தான் ஞாபகம் வரும். ஆனால், அதற்கெல்லாம் பல பத்தாண்டுகள் முன்பே தண்டையார்பேட்டையைத் தாண்டி எண்ணூரில் கார்கள் தயாராகி வெளியே வந்தன. ரகுநந்தன் சரண் 1948-ல் ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ஆஸ்டின் நிறுவனத்தோடு கைகோத்து, 1949-ல் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டத் தொடங்கியது. லேலண்ட் கூட்டு வந்த பிறகு, 1955-ல் அதே நிறுவனம்தான் அசோக் லேலண்ட் ஆனது. இன்றைக்கு எண்ணூர் என்றால் லாரி, பஸ். ஆனால் தொடக்கம் கார்தான்.

அந்தக் காலத்து கார் ஒன்று தாத்தா வீட்டு ஷெட்டில் தூசியோடு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஆஸ்டினாக இருக்கலாம், ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக இருக்கலாம், பழைய அம்பாசடராகவும் இருக்கலாம். பேரனுக்கோ பேத்திக்கோ அதை ஸ்டைலாக மாற்ற ஆசை. ரீல்ஸில் பார்த்த அமெரிக்க கார்களைப் போல டாப்பை இறக்கி, கண்ணாடியெல்லாம் ஒல்லியாகி, ரோட்டோடு ஒட்டி நிற்கிற மாதிரி செய்யணும். வடசென்னையில் வெல்டருக்குப் பஞ்சமில்லை. லாரி பாடி, கண்டெய்னர் டிரெய்லர், காசிமேட்டுப் படகு என இரும்போடு புழங்குகிற கைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அப்புறம் என்ன தடை?

தடை மூன்று இடத்தில் இருக்கிறது: இரும்பில், கண்ணாடியில், காகிதத்தில். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘சாப்’ என்றால் என்ன?

பலர் இதை ஓபன் டாப் ஆக்குவதோடு குழப்பிக்கொள்கிறார்கள். டாப்பை மொத்தமாக எடுத்துவிட்டு மேலே திறந்து விட்டால் அது கன்வெர்ட்டிபிள். ‘சாப்’ வேறு. டாப்பைத் தாங்கும் தூண்கள், அதாவது பில்லர்களை நடுவில் அறுத்து, இரண்டு இன்ச்சோ நான்கு இன்ச்சோ துண்டை எடுத்துவிட்டு, அதே டாப்பைக் கீழே இறக்கித் திரும்ப வெல்டு வைப்பது. கார் மூடியேதான் இருக்கும். உயரம் மட்டும் குறையும்.

இது கலிபோர்னியாவில் வளர்ந்த பழக்கம். காய்ந்த ஏரிப் படுகைகளில் பழைய ஃபோர்டு கார்களை வைத்துப் பந்தயம் ஓட்டிய இளைஞர்கள், காற்று மோதும் பரப்பைக் குறைக்க டாப்பை இறக்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது வேகத்துக்கான வேலை என்பது போய், அழகுக்கான வேலை ஆனது. பாரிஸ் சகோதரர்கள் என்று அறியப்பட்ட சாம், ஜார்ஜ் இருவரும் பாப் ஹிரோஹாட்டாவுக்காக மாற்றிக்கொடுத்த 1951 மெர்குரி கார்தான் இதில் உச்சம். 2022-ல் ஏலத்துக்கு வந்தபோது அது சுமார் 20 லட்சம் டாலருக்குப் போனது.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். அந்த மெர்குரி அன்றைக்கு ஒரு பழைய பொக்கிஷம் இல்லை. அமெரிக்கத் தெருவில் சாதாரணமாகக் கிடைத்த, வாங்கி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காத கார். எண்ணூர் ஆஸ்டின் அப்படியா? ஒன்றை அறுத்தால் இன்னொன்று தேடிக் கிடைக்குமா?

முதல் தடை: இரும்பு

கார்களில் இரண்டு வகைக் கட்டுமானம் உண்டு. ஒன்று, லாரி மாதிரி கீழே தனி சேஸிஸ், அதன் மேல் பாடி. ஆஸ்டின் ஏ40 டெவன் இந்த வகை. இன்னொன்று, பாடியே சேஸிஸாக வேலை செய்யும் மோனோகாக். அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் இந்த வகை.

மோனோகாக் காரில் டாப் என்பது வெயிலுக்குப் போட்ட கொட்டகை இல்லை. தரை, தூண், டாப் மூன்றும் சேர்ந்து ஒரு பெட்டி. அட்டைப் பெட்டியின் மூடியைக் கிழித்துவிட்டு முறுக்கிப் பாருங்கள், புரிந்துவிடும். தூண்களை அறுத்த நிமிஷமே பாடி லேசாகத் தொய்யும். அப்புறம் கதவு சரியாகச் சாத்தாது. அதனால்தான் அறுப்பதற்கு முன்பே காரின் உள்ளே ஸ்கொயர் பைப்பால் குறுக்கும் நெடுக்குமாகத் தாங்கு வெல்டு வைப்பார்கள். முதல்முறை செய்பவர்கள் அவசரத்தில் தவிர்ப்பதும் இதைத்தான்.

அடுத்தது கணக்கு. தூண்கள் நேராக நின்றால் அறுத்து இறக்கினால் போதும். ஆனால் முன்தூண் பின்னால் சாய்ந்திருக்கும், பின்தூண் முன்னால் சாய்ந்திருக்கும். முன்தூண் 30 டிகிரி சாய்வு என்று வைப்போம். டாப்பை 3 இன்ச் நேராக இறக்கினால், மேல் துண்டும் கீழ்த் துண்டும் கிட்டத்தட்ட 1¾ இன்ச் விலகி நிற்கும். முன்பக்கம் பொருத்த டாப்பை முன்னால் தள்ளினால், பின்பக்க விலகல் இன்னும் அதிகமாகும். பக்கவாட்டிலும் இதே கதை. கடைசியில் டாப்பையே குறுக்கே அறுத்து, இடையில் புதுத் தகடு வைத்து நீட்ட வேண்டிவரும். ‘நாலு தூண்தானே’ என்று ஆரம்பித்த வேலை இப்படித்தான் மாசக்கணக்கில் இழுக்கிறது.

வெல்டிங்கிலும் ஒரு விஷயம். லாரி பாடியின் கனமான ஆங்கிளில் வேலை பார்த்த கை, காரின் மெல்லிய தகட்டில் அதே சூட்டைக் கொடுத்தால் தகடு நெளிந்துவிடும். ஒரே இழுப்பாக இழுக்காமல், இங்கொரு பொட்டு அங்கொரு பொட்டு என்று வைத்து, ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் சேர்க்கணும். நெளிந்ததைக் கனமாகப் பட்டி போட்டு மறைத்தால் ஒரு மழைக்காலம் தாங்கலாம். கடலோரத்தில் வெல்டு இணைப்புக்குள் உப்புக்காற்றும் ஈரமும் புகுந்தால், துரு உள்ளேயிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் உப்பும்போது உள்ளே தகடு போயிருக்கும்.

பாதுகாப்பும் முக்கியம். பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்க்கை வண்டியிலிருந்தே இறக்கி, சீட், மேட் எல்லாம் வெளியே எடுத்த பிறகுதான் தீப்பொறி. பழைய பெயின்ட்டிலும் அந்தக் காலத்து பாடி இணைப்புகளிலும் ஈயம் இருக்கலாம். கிரைண்டர் தூசியை முகக்கவசம் இல்லாமல் சுவாசிக்கக் கூடாது.

இரண்டாவது தடை: கண்ணாடி

பலர் கடைசியில் யோசிப்பது, முதலில் யோசிக்க வேண்டியது. டாப் இறங்கினால் எல்லாக் கண்ணாடியும் சின்னதாகணும்.

இரண்டு தாளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த மாதிரி இருக்கும் லேமினேட்டட் கண்ணாடியை, கை தேர்ந்தவர்கள் அறுக்க முடியும். ஆனால் சூடேற்றிக் கடினமாக்கிய டெம்பர்டு கண்ணாடியை அறுக்கவே முடியாது. வெட்டுப் பட்டதுமே மொத்தமும் சின்னச் சின்னத் துகளாக நொறுங்கிவிடும். தட்டையான கண்ணாடி என்றால் புதிதாகச் செய்துகொள்ளலாம். வளைந்த பின்கண்ணாடி என்றால், அந்த வளைவுக்குப் புதிதாக யார் செய்து தருவார் என்று விசாரித்து வைக்காமல் தூணில் கை வைக்கக் கூடாது.

பார்வையும் சட்ட விஷயம்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சத்தை உள்ளே விடணும். அது கண்ணாடியின் தரம். சாப் செய்தால் கண்ணாடியின் அளவே குறைகிறது. உயரமானவர் ஓட்டினால் கண்ணுக்கு நேராக டாப்பின் விளிம்பு வந்து நிற்கும். சிக்னலைப் பார்க்கக் குனியணும். கண்டெய்னர் லாரிகள் இரண்டு பக்கமும் நிற்கிற திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அப்படி ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது தடை: காகிதம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்வது இதுதான்: ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் சொன்னதிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியைத் தகவமைப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. ஸ்டைலுக்காக டாப்பை இறக்குவது அந்தப் பட்டியலில் இல்லை.

அதே 2019-ல் வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத மாற்றத்துக்குத் தண்டனையையும் வைத்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

‘யார் வந்து அளக்கப்போறாங்க?’ என்று தோணலாம். தனியார் காரின் ஆர்.சி. 15 வருஷத்துக்குச் செல்லும். அதன் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கணும். தண்டையார்பேட்டை ஆர்.டி.ஓ. எல்லையில் இருக்கும் பழைய காருக்கும் இதுதான் விதி. இன்று தப்பினாலும் அடுத்த புதுப்பித்தலில் நிற்கும். விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கவும் இடம் இருக்கிறது.

இதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவைக் கொண்டுவந்தது. அதன் முக்கிய அம்சங்கள்:

• முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, வணிகத்துக்குப் பயன்படாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள் தகுதி பெறும்.

• நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துகளுக்குப் பிறகு ‘வி.ஏ.’ என்று வரும்.

• புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 வருஷம் செல்லும்.

• தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பராமரிப்பு, எரிபொருள் போன்ற தேவைகளுக்கு மட்டும் ரோட்டில் இறக்கலாம்.

• சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல், வண்டி பழைய வடிவத்திலேயே இருக்கணும்.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். எண்ணூரில் 1950-களில் வந்த ஆஸ்டினும் சரி, 1961-லிருந்து சென்னை வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் சரி, வயசால் இந்தத் தகுதியைப் பெறக்கூடியவை. டாப்பை அறுத்த அன்றைக்கே அந்தத் தகுதி போச்சு. புதுசாக ஓட்டவும் சட்டம் விடாது, பழசாக மதிக்கவும் சட்டம் விடாது. வண்டி இரண்டுக்கும் நடுவே ஷெட்டிலேயே நிற்கும்.

ஹெரால்டு மட்டும் கொஞ்சம் வேற

இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்த ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ். பாடியும் பகுதி பகுதியாக போல்ட்டில் பூட்டியது. டாப்பும் அப்படியே. இங்கிலாந்தில் இதையே கூப்பே, கன்வெர்ட்டிபிள் என்று பல உருவில் விற்றதற்கு அந்த வசதியும் ஒரு காரணம். அதாவது, நம்ம ஊரில் செய்த பழைய கார்களில் ஒன்றிலாவது, கிரைண்டரைத் தொடாமல் ஸ்பேனரை வைத்தே டாப்பைக் கழற்றலாம், மனசு மாறினால் திரும்ப மாட்டலாம். இரும்பு விஷயத்தில் இது பெரிய நிம்மதி. ஆனால் ஆர்.சி.யில் மூடிய கார் என்று இருக்கும்போது திறந்த காராக ரோட்டில் ஓட்டுவது, காகித விஷயத்தில் அதே சிக்கல்தான்.

அப்போ ஆசையை என்ன செய்வது?

ஆசை தப்பில்லை. எந்த வண்டியில், எந்த வரிசையில் என்பதுதான் கேள்வி.

1. முதலில் தாளில் அறுங்கள். காரைப் பக்கவாட்டில் நேராக நின்று போட்டோ எடுத்து, பெரிதாக பிரின்ட் போட்டு, 2, 3, 4 இன்ச் அளவுக்குச் சரியாகக் கத்தரித்து ஒட்டிப் பாருங்கள். 2 இன்ச்சே போதும் என்றோ, பழைய உருவமே அழகு என்றோ நிறைய பேருக்கு இந்த இடத்திலேயே தோன்றிவிடும்.

2. ஆர்.சி. இல்லாத, இனி ஓட வாய்ப்பே இல்லாத வெறும் பாடியில் கை பழகுங்கள். அதை ரோட்டில் ஓட்ட முடியாது. ஷூட்டிங், கண்காட்சி என்று தனி இடத்தில் நிறுத்தி வைக்கலாம்.

3. ஓடுகிற நிலையில் உள்ள பழைய காரில், திரும்பப் பழையபடி ஆக்க முடிகிற வேலைகளோடு நிறுத்துங்கள். சீட், உள் அலங்காரம், குரோம் வேலை எல்லாம் அந்த வகை. பெயின்ட் நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்றணும்.

4. பாடியைத் தொடும் எந்த மாற்றமாக இருந்தாலும், வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ.விலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். வாய்வார்த்தை நாளைக்கு உதவாது.

5. வெல்டரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் செய்த லாரியைப் பார்க்காதீர்கள். மெல்லிய கார் தகட்டில், பட்டி போடுவதற்கு முன் அவர் வைத்த வெல்டைக் காட்டச் சொல்லுங்கள்.

பெயின்ட் பிடிக்கவில்லை என்றால் மாற்றி அடிக்கலாம். இன்ஜின் போனால் பிரித்துச் சரிசெய்யலாம். தூணில் விழுந்த வெட்டை மட்டும் எந்த டிங்கரிங் ஷாப்பும் வெட்டாததாக ஆக்கித் தர முடியாது. எண்ணூரிலிருந்து இனி ஒரு ஆஸ்டின் வரப்போவதும் இல்லை.