51 லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார்... அந்த வாத்தியார் அப்படி என்னதான் செய்தார்?

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் பலரும் சொல்வது ஒன்றுதான். 'பார்க்க அழகா இருக்கும். ஆனா ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டினா செலவு வெச்சே நம்மை ஓட்டாண்டி ஆக்கிடும்!'

இந்தப் பேச்சைப் பொய்யாக்கியவர் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர். பெயர் இர்வ் கார்டன். அறிவியல் வாத்தியார். 1966-ல் அவர் வாங்கிய சிவப்பு நிற வோல்வோ பி1800எஸ், 32 லட்சம் மைல்களுக்கும் மேல் ஓடியது. நம் கணக்கில் 51 லட்சம் கிலோமீட்டருக்கும் அதிகம். பூமியிலிருந்து நிலாவுக்கு ஆறு முறை போய்த் திரும்பினாலும் தூரம் மிச்சம் இருக்கும்.

அவர் கோடீஸ்வரர் இல்லை. தனியாக மெக்கானிக் பட்டாளம் வைத்திருக்கவும் இல்லை. அவர் செய்ததில் பெரும்பகுதி, கார் வைத்திருக்கும் யாரும் செய்யக்கூடியதுதான். என்ன... முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை!

ஒரு வருடச் சம்பளம், ஒரு கார்

அதற்கு முன் கார்டன் வைத்திருந்த கார்கள் அடிக்கடி ரிப்பேர் ஆகி அவரை நடுவழியில் நிற்க வைத்தன. தினமும் வேலைக்குப் போய் வர மட்டும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓட்ட வேண்டிய மனிதர் அவர். கார் நின்றால் வகுப்பும் நின்றுவிடும்.

வெறுத்துப்போய் வேறு கார் தேடியபோதுதான் வோல்வோ பி1800 கண்ணில் பட்டது. இரண்டு கதவுகள், நீண்ட பானெட், பின்பக்கம் சின்னதாக இறக்கைபோல் எழும்பும் உடல். 'தி செயின்ட்' தொலைக்காட்சித் தொடரில் ரோஜர் மூர் ஓட்டிப் பிரபலமாக்கிய அதே மாடல். விலை 4,150 டாலர். அவருடைய ஒரு வருடச் சம்பளத்தைக் கிட்டத்தட்ட விழுங்கும் தொகை. ஓட்டிப் பார்த்தார், பிடித்துப்போனது, 1966 ஜூன் மாதக் கடைசியில் வாங்கிவிட்டார்.

வாங்கியவர் சும்மா இருக்கவில்லை. முதல் சில நாட்களிலேயே 1,500 மைல் ஓட்டி, 'முதல் சர்வீஸ் பண்ணுங்க' என்று ஷோரூம் வாசலில் வந்து நின்றார். பத்தே ஆண்டுகளில் 5 லட்சம் மைல். 1987-ல் 10 லட்சம். அதிக தூரம் ஓடிய கார் என்று 1998-ல் கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம். 2002-ல் 20 லட்சம் மைல். 2013 செப்டம்பரில், அலாஸ்காவின் கடலோர நெடுஞ்சாலை ஒன்றில் 30 லட்சமாவது மைலைத் தொட்டார். அப்போது அவருக்கு வயது 73.

52 ஆண்டுகளுக்கு வகுத்துப் பார்த்தால், சராசரியாக நாள் ஒன்றுக்கு சுமார் 270 கிலோமீட்டர்!

காரின் ரகசியமா, மனிதரின் ரகசியமா?

'அந்தக் காலத்து வண்டி இரும்பு மாதிரி. அதான் ஓடியிருக்கு' என்று சிலர் சொல்லலாம். அதில் பாதி உண்மை இருக்கிறது.

அந்த காரில் இருந்தது பி18 என்ற 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜின். வார்ப்பிரும்பு பிளாக். கிராங்க்ஷாஃப்ட்டை ஐந்து இடங்களில் பேரிங்குகள் தாங்கும். நான்கு சிலிண்டருக்கு அது தாராளம்தான். பல கார்களில் ரப்பர் பெல்ட் செய்யும் வேலையை இதில் பல்சக்கரங்கள் செய்யும். அதனால் டைமிங் பெல்ட் அறுந்துபோகும் பயம் இல்லை.

ஆனால், பி1800 வரிசையில் மட்டும் 1961 முதல் 1973 வரை 40,000-க்கும் அதிகமான கார்கள் தயாராகின. அவற்றில் எத்தனையோ கார்கள் இதே பி18 இன்ஜினோடு வந்தவை. 51 லட்சம் கிலோமீட்டரைக் கடந்தது கார்டனின் கார் மட்டும்தான். ஆக, மீதிப் பாதி ரகசியம் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனிதரிடம் இருந்தது.

புத்தகத்தைப் படித்தார்!

பேட்டி எடுக்க வந்த ஒவ்வொருவரும் கார்டனிடம் ரகசியத்தைக் கேட்டார்கள். அவர் சளைக்காமல் சொன்ன பதில், காருடன் வரும் கையேட்டைப் படித்து அதன்படி நடந்ததுதான் என்பது. எந்தப் பொருளை எத்தனை மைலில் மாற்ற வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறதோ, அதை அப்படியே செய்தார்.

இன்ஜின் ஆயிலை 3,000 முதல் 3,500 மைலுக்கு ஒருமுறை, அதாவது சுமார் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினார். 'இந்த மாதம் கை கடிக்குது, அடுத்த மாதம் பார்க்கலாம்' என்ற பேச்சே இல்லை. அவர் ஓட்டிய தூரத்துக்குக் கணக்குப் போட்டால், 900 தடவைக்கும் மேல் ஆயில் மாற்றியிருக்க வேண்டும். எளிய வேலைகளைத் தானே செய்தார். கம்பெனி பாகங்களையே போட்டார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. காரின் சத்தத்தைக் கவனிப்பது. நேற்று இல்லாத சத்தம் இன்று கேட்டால், அது என்ன என்று கண்டுபிடிக்காமல் விடமாட்டார். ரேடியோ சத்தத்தைக் கூட்டி அதை மறைக்கிற ஆள் இல்லை அவர்.

விளைவு? 6,80,000 மைல் ஓடிய பிறகுதான் இன்ஜினை முதன்முதலாகப் பிரித்து வேலை பார்த்தார்கள். ஏறக்குறைய 11 லட்சம் கிலோமீட்டர்! அந்த காரின் ஆயுளில் மொத்தம் இரண்டே முறைதான் இன்ஜின் பிரிக்கப்பட்டது.

ஆயில் ஏன் இவ்வளவு முக்கியம்?

இன்ஜினுக்குள் உலோகத்தின் மேல் உலோகம் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது முடியைவிட மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். ஓட ஓட அந்த ஆயிலில் கரி சேரும், எரியாத பெட்ரோல் கலக்கும், உலோகத் துகள்கள் சேரும். சூட்டில் அதன் பசையும் குறையும். படலம் எங்கே கிழிகிறதோ அங்கே தேய்மானம் தொடங்கும்.

கார்டனுக்குச் சாதகமாக இருந்தது அவருடைய பாதை. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓடும் இன்ஜின், ஊருக்குள் நின்று நின்று போகும் இன்ஜினைவிடக் குறைவாகத்தான் தேயும். காலையில் ஸ்டார்ட் செய்யும் அந்த முதல் நிமிடங்களில்தான் தேய்மானம் அதிகம். ஆயில் இன்னும் கெட்டியாக இருக்கும், எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்காது. இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திவிட்டால் இன்ஜின் முழுதாகச் சூடேறாது. உள்ளே படியும் ஈரமும் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும்.

அதனால்தான், வாரம் ஒருமுறை தெருமுனை வரை போய் வரும் 'குறைந்த கிலோமீட்டர்' ஸ்போர்ட்ஸ் காரைவிட, தினமும் ஒழுங்காக ஓடும் 'நிறைய கிலோமீட்டர்' கார் சில நேரம் நல்ல நிலையில் இருக்கிறது. ஓடாமல் நிற்கும் காரில் ரப்பர் சீல்கள் காய்ந்துபோகும், பேட்டரி இறங்கும், டயர் ஒரே பக்கமாக அமுங்கும்.

இன்றைய காருக்கு எது பொருந்தும்?

கார்டனின் 5,000 கிலோமீட்டர் கணக்கை அப்படியே எல்லா காருக்கும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இன்றைய சிந்தெட்டிக் ஆயில்கள் அதைவிட நீண்ட நாள் தாங்கும். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கையேட்டுக்குக் கட்டுப்படும் பழக்கத்தை. அதே கையேட்டில் 'கடுமையான பயன்பாடு' என்று தனிப் பட்டியல் இருக்கும். டிராஃபிக், தூசு, குறுகிய தூரப் பயணம், ரேஸ் டிராக்... இதில் ஏதாவது ஒன்று பொருந்தினாலும் சர்வீஸ் இடைவெளி குறையும்.

ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஸ்போர்ட்ஸ் காரில் கவனிக்க வேண்டியவை இவை.

ஆயில் அளவு: சர்வீஸுக்குச் சர்வீஸ் மட்டும் பார்த்தால் போதாது. வயதான இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். டிப்ஸ்டிக் இல்லாத கார் என்றால் திரையில் அளவைப் பாருங்கள்.

டைமிங் பெல்ட்: உங்கள் காரில் இருப்பது பெல்ட்டா, செயினா என்று தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால் சொன்ன கிலோமீட்டரில் அல்லது சொன்ன ஆண்டில், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும். ஓடும்போது அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும். பெல்ட்டில் மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கு, இன்ஜினுக்குக் கொடுக்க வேண்டிவரும்.

கூலன்ட்: இது வெறும் பச்சைத் தண்ணீர் இல்லை. துருவைத் தடுக்கும் ரசாயனம் அதில் இருக்கிறது, அது நாளாக ஆகத் தீர்ந்துபோகும். ரேடியேட்டர் ஹோஸ்களைக் கையால் அழுத்திப் பாருங்கள், இன்ஜின் ஆறிய பிறகு! விறைத்தோ, உப்பியோ, ஓரத்தில் வெடித்தோ இருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

டர்போ: ஸ்டார்ட் செய்ததும் விரட்ட வேண்டாம். ஆயில் சூடேறும் வரை நிதானமாகப் போங்கள். வேகமாக ஓட்டிவிட்டு வந்தால், கடைசி சில கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி, டர்போ சூடு தணிந்த பிறகு நிறுத்துங்கள்.

கியர் ஆயில்: இன்ஜின் ஆயிலை மறக்காதவர்கள்கூட கியர்பாக்ஸ் ஆயிலையும் டிஃபரன்ஷியல் ஆயிலையும் மறந்துவிடுகிறார்கள். அவற்றுக்கும் ஆயுள் உண்டு.

புஷ்கள்: சஸ்பென்ஷனில் இருக்கும் சின்னச் சின்ன ரப்பர் துண்டுகள். இவை நைந்துபோனால் காரின் இறுக்கம் போய்விடும். 'வண்டி பழசாயிடுச்சு, முன்ன மாதிரி இல்லை' என்று புலம்பும் பலருக்குப் பிரச்னை இன்ஜினில் இல்லை, இந்த ரப்பரில்தான் இருக்கிறது.

காசு போனால் வரும்... உயிர்?

இன்ஜின் கெட்டால் கார் நிற்கும். பிரேக் கெட்டால் கார் நிற்காது. வேகமாகப் போகும் காரில் இதற்குத்தான் முதலிடம்.

பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை குறையும். மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் அடிக்கும்போது சூட்டில் உள்ளே குமிழ் உருவாகும். அப்போது பெடலை மிதித்தால் பஞ்சை மிதிப்பதுபோல உள்ளே போகும். பெரும்பாலான நிறுவனங்கள் சொல்லும் இரண்டு ஆண்டு கெடுவை, கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும், தள்ளிப்போடக் கூடாது.

டயரும் அப்படித்தான். பட்டன் தேயாமல் புதிதுபோல இருக்கலாம். ஆனால் ரப்பருக்கு வயது உண்டு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். வாங்கும்போதே இதைப் பார்ப்பது நல்லது.

பழைய கார் வாங்குகிறீர்களா?

செகண்ட் ஹேண்டில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் ஆசை பலருக்கும் உண்டு. எல்லோரும் முதலில் எட்டிப் பார்ப்பது ஓடோமீட்டரைத்தான். அதற்கு முன்பு கேட்க வேண்டியது சர்வீஸ் பில்களை. 40,000 கிலோமீட்டர் ஓடி, ஒரு பில்கூட இல்லாத காரைவிட, 1,20,000 ஓடி ஒவ்வொரு சர்வீஸுக்கும் பில் வைத்திருக்கும் கார் நம்பிக்கையானது. காரை லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பகுதியையும் பாருங்கள். இன்ஜினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். சேஸிஸைத் துரு அரித்திருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்று நகர்ந்துவிடுவதே புத்திசாலித்தனம்.

நீங்கள் வைத்திருக்கும் காருக்கும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றினோம், எவ்வளவு செலவு. நான்கே வரி போதும். 'போன தடவை எப்ப மாத்தினோம்?' என்று தலையைச் சொறியும் வேலை இருக்காது.

விற்கவில்லை!

'இந்த காரை விற்பீர்களா?' என்று கேட்டவர்களிடம், 'மைலுக்கு ஒரு டாலர் கொடுத்தால் யோசிக்கலாம்' என்பது கார்டனின் வழக்கமான பதில். அப்படிப் பார்த்தால் 30 லட்சம் டாலருக்கும் மேல்! ஆனால் அதை அவர் எங்கேயும் பூட்டி வைக்கவில்லை. ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கார் கண்காட்சிகளுக்கும், ஊர் சுற்றுவதற்கும் அதையே ஓட்டிக்கொண்டு போனார். நல்ல காபி கிடைக்கும் என்றால் பல மணி நேரம் காரோட்டத் தயங்காத மனிதர்.

2018 நவம்பரில், 78-வது வயதில் இர்வ் கார்டன் காலமானார். கடைசிவரை அந்த கார் அவரிடமே இருந்தது.

ஓர் இளம் வாத்தியார் ஒரு வருடச் சம்பளத்தைக் கொட்டி ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியது 1966-ல் ஊதாரித்தனமாகத் தெரிந்திருக்கலாம். அந்த ஒரு வருடச் சம்பளம் 52 வருடம் ஓடியது. நம் காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஒரு கையேடு கிடக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கொஞ்சம் வெளியே எடுங்களேன்!